சான்று தேவை

சென்ற கிழமை இப்பகுதியிற் பனங்கிழங்கைப் பற்றி எழுதியதற்கு வாசகர் பலர் கடிதம் வரைந்திருந்தனர். அவர்களுக்கு நன்றி. இக்கிழமை எடுத்துக்கொண்ட பொருள் நாவுக்கு இனிமை பயப்பதன்று. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுவதைப் பற்றியது அது. "இதைப் பற்றி எழுத இவருக்கு என்ன அருகதை?" என்று கேட்கக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே விடை கூறிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியிருக்கிறேன்; இருமுறை விழுந்தும் இருக்கிறேன். இந்த அருகதை போதாது என்று என் மருமகன் எனக்கு உணர்த்திய கதையையே இங்கு சொல்லப் போகிறேன்.

என் தங்கையின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்து வீட்டில் இருக்கிறான். பதினெட்டு வயது நிரம்பிவிட்டது. பதினெட்டு நிரம்பிய ஆண்பிள்ளை நம் நாட்டில் முதலில் என்ன கேட்பான் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. இலங்கையிற் பதிவான வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. தங்கையோ, "வண்டி என்ற பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது" என்று முடிவாகக் கூறிவிட்டாள். அவளுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஒழுங்கையிலே மூன்று வீடு தள்ளி ஒரு தாய் இருக்கிறாள். அவள் வீட்டு விறாந்தையில் மாலையிட்ட படம் ஒன்று தொங்குகிறது. அதற்கு மேல் விரிக்க வேண்டாம்.

இந்த இழுபறியில் நடுவனாகப் புகுந்தவன் நான். "பிள்ளை முறையாகப் பயிற்சி பெற்ற பின்பு ஓட்டட்டும், பயிற்சி பெற்றவனுக்கு ஆபத்து வராது" என்று தீர்ப்பு வழங்கினேன். தங்கை நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பின்னர், "நீங்கள் சொல்வதை நம்பித்தான் விடுகிறேன், அண்ணா" என்றாள். அந்தச் சொல் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அது நெஞ்சில் ஒரு பாரமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அது எவ்வாறு என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மருமகனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவன் கட்டுரை எழுதுவான். 2001ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய அக்களஞ்சியம் 2003இல் தமிழிலும் தொடங்கியது. தமிழில் அதனைக் கட்டியெழுப்பிய முன்னோடியான இ. மயூரநாதன் நம் யாழ்ப்பாணத்தவர் என்பது வாசகர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. அங்கே எழுதுவோர் எவரும் ஊதியம் பெறுவதில்லை. எவரும் எழுதலாம், எழுதியதை எவரும் திருத்தலாம். ஆனால் திருத்தம் ஒவ்வொன்றும், இன்ன நாள் இன்ன நேரம் இன்னார் செய்தது என்று வரலாற்றுப் பக்கத்திற் பதிவாகி நிற்கும்.

எனக்குத் தெரிந்த கலைக்களஞ்சியங்கள் வேறு வகையானவை. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். தனியொருவர் உழைப்பு அது. பின்னர் சென்னையில், பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை நிறைவேற்றினார். அந்த நூல்களில் ஒரு வசனத்தோடு எனக்குப் பிணக்கு ஏற்பட்டால் நான் என்ன செய்ய முடியும்? பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இடலாம், அவ்வளவே. என் கேள்விக்குறியை நூலாசிரியர் காணப்போவதில்லை. மருமகனுடைய களஞ்சியத்திலோ ஓரத்துக் கேள்விக்குறியை உலகமே காணும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் பயிற்சி என்னும் தலைப்பில் அவன் எழுதத் தொடங்கியிருந்தான். தாயிடம் வாதிடுவதற்காகத் திரட்டிய செய்திகள் கைவசம் இருந்தமையால் அந்தத் தலைப்பை எடுத்தானாம். எழுதுவதைப் பழகிப் பார்க்க அங்கே மணல்தொட்டி என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மணலில் அரிச்சுவடி எழுதிப் பழகிய இனத்தவர்க்குப் பொருத்தமான பெயர்தான். மணல்தொட்டியில் அவன் எழுதியதைப் பார்வையிட்ட நான், மாமன் என்ற உரிமையிலும் பழைய வாத்தியார் என்ற உரிமையிலும் ஒரு வசனத்தைச் சேர்க்கச் சொன்னேன். "முறையான பயிற்சி பெற்றோர் விபத்துக்கு ஆளாவதில்லை." அவன், "ஆளாவது குறைவு என்று போடுவோமே, மாமா" என்றான். சரி, அப்படியே போடு என்றேன். கட்டுரை களஞ்சியத்தில் ஏறிற்று.

மறுநாள் மாலை பார்த்தபோது அந்த வசனத்தின் வாலிலே, பகரவடைப்புக்குள், இரண்டே சொற்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சான்று தேவை.

எனக்கு வந்த சினத்தை மறைப்பானேன்? சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதற்குச் சான்று கேட்பாரும் உண்டோ என்று சத்தமிட்டேன். நீந்தக் கற்றவன் தாழமாட்டான், எழுதக் கற்றவன் பிழைவிடான், ஓட்டக் கற்றவன் விழமாட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மருமகன் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "இவை உவமைகள், மாமா. அவர் கேட்பது சான்று" என்றான். கேட்டவர் யார்? பெயர் தெரியாது, ஏதோ ஒரு புனைபெயர். அந்தக் களஞ்சியத்தின் விதியின்படி அவர் யாராக இருந்தாலும் அவருடைய கேள்விக்கு மதிப்பு உண்டு. எழுதுபவன் தன் சொந்த அனுபவத்தையோ சொந்த ஆராய்ச்சியையோ அங்கே எழுதக் கூடாது. பிறர் சரிபார்க்கக்கூடிய வெளியீடு ஒன்றிற் கண்டதையே எழுத வேண்டும். அதையும் ஒருபக்கம் சாராது எழுத வேண்டும்.

"அப்படியானால் நான் விழுந்தது?" என்று கேட்டேன்.

"நீங்கள் விழுந்தது சான்றாகாது, மாமா."

இருவருமாகத் தேடத் தொடங்கினோம். முதலில் அகப்பட்டது மிகப் பெரிய மீன். தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழுவினர் 1970களின் பிற்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர்ப்புறத்தில் மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஆராய்ந்தனர். தொள்ளாயிரம் விபத்துக்களுக்கு அவர்கள் நேரே சென்றார்கள். சில்லு இழுபட்ட அடையாளத்தை அளந்தார்கள். உடைந்த வண்டியைப் புரட்டிப் பார்த்தார்கள். 3,600 பொலிஸ் அறிக்கைகளையும் ஆராய்ந்தார்கள். 1981இல் அறிக்கை வெளிவந்தது. இத்துறையில் இன்றுவரை எவர் பேசினாலும் அந்த அறிக்கையைத் தொடாமற் பேசுவது அரிது.

அதிலே ஒரு தொகையைக் கண்டதும் நான் துள்ளினேன். விபத்துக்கு ஆளான ஓட்டுநருள் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகப் பழகியவர்கள், அல்லது உறவினரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். "இதோ உன் சான்று! எழுது!" என்றேன்.

மருமகன் எழுதவில்லை. பேனையைக் கடித்துக்கொண்டு, "மாமா, நம் ஊரிற் பாம்பு கடித்து வைத்தியசாலைக்குப் போவோரில் நூற்றுக்கு எத்தனை பேர் சோறு சாப்பிடுபவர்கள்?" என்று கேட்டான்.

"எல்லோருந்தான்."

"சோறு சாப்பிடுவதாலா பாம்பு கடித்தது?"

நான் வாயடைத்துப் போனேன். அவன் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. விபத்துக்கு ஆளானவரில் 92 வீதத்தினர் பயிற்சியற்றவர் என்றால், விபத்துக்கு ஆளாகாமல் அதே தெருவில் அன்றாடம் ஓடித் திரிந்தவர்களில் எத்தனை வீதத்தினர் பயிற்சியற்றவர் என்று தெரிந்தாக வேண்டும். அங்கும் அதே 92 ஆக இருந்தால் பயிற்சியாற் பயனேதும் விளையவில்லை என்றே ஆகும். ஒரு தொகையை மட்டும் காட்டி ஊரை மயக்குவது எவ்வளவு எளிது! பத்திரிகையில் எழுதும் நான் இதை எழுதுவதற்கு வெட்கப்படத்தான் வேண்டும்.

ஆயினும் ஹேர்ட் என்ற அந்த மனிதர் என்னைவிட விழிப்பானவர். இந்தக் கேள்வியை அவரே கேட்டிருக்கிறார். விபத்து நடந்த இடங்களுக்கு, அதே போன்ற வேளையில் அவருடைய குழுவினர் திரும்பிப் போனார்கள். அவ்விடத்தால் ஒரு தீங்குமின்றிக் கடந்துசென்ற மோட்டார் சைக்கிளோட்டிகள் 2,310 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார்கள். இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்கள் தெருவில் இருந்த அளவுக்கு விபத்துக்களில் இருக்கவில்லை என்று கண்டார்கள். எனக்கு மீண்டும் உயிர் வந்தது.

அறிக்கையின் மற்றப் பகுதிகளையும் வாசித்தோம். சில செய்திகளை இங்கு சொல்லாமல் விட மனம் வரவில்லை. விபத்துக்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு வேறொரு வாகனத்தோடு மோதியவை, பெரும்பாலும் கார். அவ்வாறு மோதியவற்றுள் மூன்றில் இரண்டு பங்கில், தவறாகக் குறுக்கிட்டவர் மற்ற வாகனத்தின் சாரதி. "நான் அவனைக் காணவே இல்லை" என்பதே அச்சாரதிகளின் வழக்கமான விடை. பாதி விபத்துக்களில் வண்டி மணிக்கு 30 மைலுக்கும் குறைந்த வேகத்திலேயே வந்துகொண்டிருந்தது. கண்மண் தெரியாத வேகம்தான் கொல்கிறது என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிது. ஆபத்தைக் கண்ட கணத்துக்கும் மோதிய கணத்துக்கும் இடையே ஓட்டுநருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு செக்கனுக்கும் குறைவு. அந்த இரண்டு செக்கனில் அவர்கள் செய்தது என்ன? பின் பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்துப் பின்சில்லை வழுக்கவிட்டார்கள். முன் பிறேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. விலகித் திரும்பும் வித்தையோ அவர்களிடம் அறவே இருக்கவில்லை.

இதை வாசித்தபோது என் முழங்காலில் உள்ள பழைய தழும்பு கூசிற்று. எனக்கு வண்டி பழக்கியவர் என் சித்தப்பா. நல்ல மனிதர். தோட்டத்துக்குப் போகும் மணற்பாதையில் என்னை ஏற்றிவிட்டு, "முன் பிறேக்கை மட்டும் தொட்டுவிடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று அவர் உரைத்த உபதேசத்தை வேதவாக்காகக் கொண்டேன். ஒருநாள் வளைவிலே மாடு ஒன்று குறுக்கே வர, உபதேசத்தின்படி பின் பிறேக்கை மாத்திரம் மிதித்தேன். பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்தப்பாவின் உபதேசத்தில் உள்ள பிழையை இன்று மருமகன் ஒரு தாளிற் கீறி விளக்குகிறான். ஓடும் வண்டியின் பிறேக்கைப் பிடித்ததும் பாரம் முன்னோக்கிச் செல்கிறது. முன்சில்லு தரையை இறுக அழுத்துகிறது, பின்சில்லு இலேசாகிறது. பாரமேறிய சில்லுக்கே தரையிற் பிடிமானம் மிகுதி. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கு முன் பிறேக்குக்கே உரியது. இலேசான பின்சில்லை இறுக்கிப் பூட்டினால் அது வழுக்கி ஓடும். முன் பிறேக்கை வெடுக்கென்று இழுப்பதுதான் ஆபத்து. தேசிக்காய் பிழிவது போல மெல்லத் தொடங்கி, பாரம் முன்னே ஏற ஏற இறுக்கிக்கொண்டு போக வேண்டும். சித்தப்பா சொன்னதிற் பாதி உண்மை இருந்தபடியாற்றான் அது இத்தனை காலம் நின்று பிடித்தது போலும்.

விலகித் திரும்பும் வித்தை இன்னும் விந்தையானது. சற்று வேகமாக ஓடும் வண்டியை வலப்பக்கம் திருப்ப வேண்டுமானால் வலப்பக்கக் கைபிடியை முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் முன்சில்லு இடப்பக்கமாக அல்லவா திரும்பும் என்று கேட்பீர்கள். ஆம், ஒரு கணம் இடப்பக்கந்தான் திரும்பும். உள்ளங்கையிலே தும்புத்தடியை நெட்டாக நிறுத்திப் பாருங்கள். தடி வலப்பக்கம் சாய வேண்டுமானால் கையை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். சில்லுகள் இடப்பக்கம் நகர, வண்டி வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கமே திரும்புகிறது. துவிச்சக்கர வண்டியிலும் நாம் எல்லோரும் இதைத்தான் அறியாமற் செய்துகொண்டிருக்கிறோம். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் துவிச்சக்கர வண்டி செய்து விற்றவர்கள். அவர்களுள் வில்பர் என்பவர், இடப்பக்கம் திரும்ப நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று வண்டியோட்டிகள் பலரைக் கேட்டுப் பார்த்து, முதற்கேள்வியிலேயே சரியான விடை சொன்னவர் ஒருவரையும் காணவில்லை என்று எழுதிவைத்தார். உடல் அறிந்ததை மனம் அறியாதிருக்கிறது. ஆற அமர ஓடும்போது அதனாற் குற்றமில்லை. இரண்டு செக்கன் மட்டுமே உள்ளபோது மனம் குறுக்கிட்டுக் கையைப் பிழையான பக்கம் தள்ளிவிடுகிறது.

1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடையாத காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு வண்டியை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடித் திரிந்தவர்கள் நாங்கள். இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பூட்டத் தெரியும். ஆனால் நிறுத்துவது எப்படி, விலகுவது எப்படி என்று எங்களுள் ஒருவருக்கும் ஒருவரும் கற்பிக்கவில்லை.

இந்த வித்தைகளைத்தான் பிற நாடுகளில் முறைப்படுத்திக் கற்பிக்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம் 1973இல் அமைந்தது. பிரித்தானியாவில் 1990 டிசெம்பரிலிருந்து கட்டாய அடிப்படைப் பயிற்சி நடைமுறையில் உள்ளது. முதலில் மூடிய மைதானத்தில் ஓடிக் காட்ட வேண்டும். அதன்பின் ஆசிரியர் கூடவர, இரண்டு மணித்தியாலமாவது தெருவில் ஓட வேண்டும். தெருவில் ஓர் ஆசிரியர் இருவருக்கு மேல் அழைத்துச் செல்லக் கூடாது. நம் பக்கங்களிற் பயிற்சி என்றால் பரீட்சைக்கு ஆயத்தமாவது என்றே பொருள். தமிழ்நாட்டில் எட்டுப் போட்டுக் காட்டுதல் என்பார்கள். எட்டு வடிவில் மெதுவாகச் சுற்றிக் காலூன்றாமல் வருவது நல்ல வித்தைதான். ஆனால் லொறி குறுக்கே திரும்பும்போது எட்டுப் போட நேரம் இராது.

இத்தனையும் சேர்த்து எழுதிவிட்டோம். ஹேர்ட் அறிக்கையைச் சான்றாகக் காட்டி வசனத்தை நிமிர்த்தி நிறுத்திவிட்டோம். அதன்பின்பு மருமகன் தானாகவே இன்னொரு கேள்வியைக் கிளப்பினான். அவன் தாய் அன்று அதைக் கேட்டிருந்தால் பயிற்சிக்கே விட்டிருக்கமாட்டாள்.

"மாமா, காசு கட்டிப் பயிற்சிக்குப் போகிறவன் யார்? இயல்பாகவே அவதானமானவன். அவன் பயிற்சி பெறாவிட்டாலும் விழுந்திருக்கமாட்டான் என்றால்?"

ஹேர்டின் ஒப்பீடு இக்கேள்வியைத் தீர்க்கவில்லை. தீர்ப்பதற்கு ஒரே நேரான வழி, பழக வந்தவர்களைத் திருவுளச்சீட்டுப் போட்டு இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் பயிற்சி அளித்து, மறு கூறுக்கு அளியாமல் விட்டு, சில ஆண்டுகள் பின்தொடர்ந்து எண்ணுவதுதான். அவ்வாறு செய்தவர்கள் மிகச் சிலரே. கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பினர் 2010இல் இப்பொருள் பற்றிய 23 ஆய்வுகளை ஒருங்கே எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றின் முறையில் குறைபாடு இருந்தமையால், எந்தப் பயிற்சி எவ்வளவு விபத்தைக் குறைக்கிறது என்று முடிவுகூற இயலவில்லை என்பதே அவர்களின் விடை. கட்டாயப் பயிற்சியால் ஒரு பயன் விளையக்கூடும் என்று மட்டும் கூறினார்கள். பயிற்சி ஒரு தடையாக நின்று, சிலரை அனுமதிப்பத்திரம் எடுக்கவிடாமலே திருப்பி அனுப்பிவிடுகிறதாம். வண்டியில் ஏறாதவன் விழுவதில்லை.

இதைக் கேட்ட தங்கை அடுப்படியிலிருந்தே, "அப்படியானால் பயிற்சியை இன்னும் கடினமாக்கச் சொல்லுங்கள்" என்றாள். பகிடியாகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

சான்று என்றால் எப்படி இருக்கும் என்பதற்குத் தலைக்கவசத்தின் கதையைப் பார்க்கலாம். அரேபிய லோறன்ஸ் என்று புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் 1935 மே மாதத்தில் தம் மோட்டார் சைக்கிளிலிருந்து தலையடிபட விழுந்து, ஆறு நாட் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியருள் ஹியூ கெயின்ஸ் என்பவரும் ஒருவர். அந்த இழப்பு அவர் மனத்தில் தைத்தது. இராணுவத் தூதோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரித்தானிய இராணுவம் தூதோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பொதுமக்களுக்கு 1973இற்றான் கட்டாயமாயிற்று. மேற்சொன்ன கொக்ரேன் அமைப்பினர் 2008இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதத்தாலும் தலைக்காய அபாயத்தை 69 வீதத்தாலும் குறைக்கிறது என்று உறுதியாகக் கூறினார்கள். தலைக்கவசத்தைப் பற்றிய வசனம் நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறது. என் வசனத்துக்கு அந்தப் பலம் இல்லை.

இவ்வளவும் அறிந்த பின்பும் என் வசனத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. "நல்ல நோக்கத்துக்காகச் சற்று மிகைப்படுத்தினால் என்ன? வாசித்த பையன்கள் பயிற்சிக்குப் போவார்கள் அல்லவா?" என்று வாதிட்டேன். மருமகன் என் வாதத்தை அப்படியே உரையாடற் பக்கத்தில் எழுதிவிட்டான். களஞ்சியத்திற் கட்டுரை ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதுவோர் தம்முட் கலந்துரையாட அப்படி ஒரு பக்கம் இருக்கிறது.

மூன்று நாள் கழித்து, சான்று கேட்ட அந்தப் புனைபெயர்க்காரர் அங்கே மறுமொழி எழுதியிருந்தார். சில வரிகளே. தமக்கும் அந்த வசனம் உண்மையாக இருக்க வேண்டும் என்றே ஆசை என்றும், தம் தம்பி வெளிநாட்டில் முறையாகப் பயிற்சி பெற்றவன் என்றும், சரியான பக்கத்திற் சரியான வேகத்தில் தலைக்கவசத்தோடு போய்க்கொண்டிருந்தபோது குறுக்கே திரும்பிய வாகனத்தில் மோதி இறந்தான் என்றும் எழுதியிருந்தார். பயிற்சி பெற்றவர் விபத்துக்கு ஆளாவதில்லை என்று எழுதினால், ஆளானவர் ஏதோ பிழைவிட்டார் என்று வாசிப்போர் நினைப்பார்கள். தம் தாயும் அதை வாசிக்கக்கூடும். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

நாங்கள் இருவரும் நெடுநேரம் கதைக்கவில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த அந்த விறாந்தைப் படம் என் கண்முன் வந்து நின்றது. அந்தப் பிள்ளையைப் பற்றி ஊரார் சொன்னதும், ஊராரோடு சேர்ந்து நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. "பழகாமல் ஏறினான்" என்று நாங்கள் சொன்னோம். அவன் எங்கே, யாரிடம் பழகினான் என்று எங்களுள் எவரும் கேட்டதில்லை. ஹேர்ட் அறிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு என்று வாசித்தபோது அது வெறும் தொகையாகவே எனக்குத் தோன்றியிருந்தது.

அன்றிரவு மருமகன் வசனத்தைத் திருத்தினான். பயிற்சி பெற்றோர் விபத்துக்களிற் குறைவாகக் காணப்பட்டனர் என்று 1981ஆம் ஆண்டு அறிக்கை கூறுவதையும், 2010இல் 23 ஆய்வுகளைத் தொகுத்தோர் அத்தகைய முடிவைத் துணிந்துகூற இயலவில்லை என்றதையும் அடுத்தடுத்து வைத்தான். மற்ற வாகனச் சாரதிகளின் தவறு பற்றிய செய்தியைக் கட்டுரையின் கீழ்ப்பகுதியிலிருந்து மேலே கொண்டுவந்தான். மறுநாள் பார்த்தபோது பகரவடைப்புச் சொற்கள் அகற்றப்பட்டிருந்தன.

களஞ்சிய வேலை அவ்வளவில் முடிந்தது. ஆனால் தங்கையிடம் நான் வழங்கிய தீர்ப்பு இருக்கிறதே. அதை யார் திருத்துவது? அவளை அழைத்து உண்மையைச் சொன்னேன். "பயிற்சி பெற்றவனுக்கு ஆபத்து வராது என்று சொன்னேன்; அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை" என்றேன். வண்டியே வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சற்று நினைத்துப் பார்த்து, "பிறேக் பிடிக்கத் தெரியாமல் ஓடுவதைவிடத் தெரிந்து ஓடுவது கேடாகுமா, அண்ணா?" என்று கேட்டாள். கேடாகாது என்று நினைக்கிறேன் என்றேன். பயிற்சியாற் பிறந்த துணிவு சிலரை அவசரக்காரராக்கும் என்ற ஐயம் ஆராய்ச்சியாளருக்கு உண்டு என்பதையும் மறைக்காமற் சொன்னேன். "அவன் அவசரப்பட்டால் நான் இருக்கிறேன்" என்றாள். நூறு மைலுக்கு மேல் ஓடக்கூடிய வண்டி வேண்டாம், பழைய சிறிய வண்டியே போதும், தலைக்கவசம் மட்டும் புதிதாக இருக்க வேண்டும், இருட்டியபின் ஓடக் கூடாது என்று தன்னுடைய விதிகளை அடுக்கினாள். அவற்றுக்கு நாங்கள் சான்று கேட்கவில்லை.

இப்போது ஞாயிறு காலைகளில் ஊர்ப் பாடசாலை மைதானத்தில் அவன் பழகுகிறான். கற்பிப்பவர் கொழும்பில் வண்டி ஓட்டப் பழக்கிவந்த ஓர் இளைப்பாறிய மனிதர். சுண்ணாம்பால் ஒரு கோடு கீறியிருக்கிறார். அந்தக் கோட்டைக் கண்டதும் இரண்டு பிறேக்கையும் பிடித்து, சில்லு வழுக்காமல், இயன்றவரை குறுகிய தூரத்தில் நிற்க வேண்டும். மருமகன் முதல் நாள் நின்ற இடத்தில் ஒரு கல் வைத்தார்கள். ஒவ்வொரு கிழமையும் கல் கோட்டை நோக்கி நகர்ந்து வருகிறது. தங்கை வேப்பமர நிழலில் இருந்து கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சென்ற ஞாயிறு நானும் ஓடிப் பார்க்கிறேன் என்று கேட்டு ஏறினேன். கோடு வந்தது. நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள என் வலக்கால் பின் பிறேக்கை மிதித்தது. வலக்கை விரல்கள் முன் பிறேக்கில் தொட்டபடியே கிடந்தன, மடங்க மறுத்துவிட்டன. புழுதி கிளம்பப் பின்சில்லு வழுக்கி, மருமகனின் கல்லைத் தாண்டி அப்பாற் போய் நின்றேன். தங்கை எழுந்து நின்றாள். பயிற்சியாளர் ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை ஐயா, இன்னொரு முறை வாருங்கள்" என்றார்.